கருப்பாயிக்குப் பூசிய பவுடர்

“ஒரு ஊர்ல ரெண்டு முயல் இருந்துச்சாம். ஒண்ணு பேரு வெள்ளையம்மா. இன்னொண்ணு பேரு கருப்பாயி.”

பதினோரு வருடம் இப்படித்தான் தொடங்கினேன். கருப்பாயி என்ற பெயரைச் சொல்லும் தொனியிலேயே முதல் சிரிப்பு வந்துவிடும். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, மூக்கைச் சுளித்துச் சொல்ல வேண்டும். அந்த இழுப்பைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். கருப்பாயி என்பது என் அப்பத்தாவின் பெயர். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொன்னால் அனுதாபம் தேடுகிற மாதிரி ஆகிவிடும்.

நான் மதுரைக்காரன். வாரத்தில் ஐந்து நாள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சனி ஞாயிறுகளில் குழந்தைகளுக்கு மேஜிக் செய்கிறேன். பிறந்தநாள் விழா, பள்ளி ஆண்டு விழா, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொங்கல், புத்தாண்டு. முக்கால் மணி நேரம், ஏழெட்டு ஐட்டம், நாலாயிரம் ரூபாய். கேக் வெட்டுவதற்கு முன்பா பின்பா என்பது வீட்டுக்காரர் இஷ்டம். பின்பு என்றால் எனக்கு நஷ்டம்தான். பிள்ளைகள் கையிலிருக்கும் க்ரீம் எல்லாம் என் பட்டுத் துணியில் வந்து சேரும்.

முயல் ஐட்டம் உலகம் முழுக்கக் குழந்தை மேஜிக்காரர்களிடம் இருப்பது. ‘ஹிப்பிட்டி ஹாப்’ முயல்கள் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். பலகையில் வெட்டிய இரண்டு முயல்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஆளுக்கொரு உறை. மூடித் திறந்தால் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு. மறுபடி மூடித் திறந்தால் பழையபடி. மூடும்போது நான் உறையை ஒரு திருப்புத் திருப்புவேன், வேண்டுமென்றே, எல்லோரும் பார்க்கும்படி. மூன்றாவது தடவைக்குள் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். “அங்கிள் ஏமாத்துறாரு! பின்னாடி இன்னொரு கலரு! திருப்புங்க, திருப்புங்க!” எனக்குக் காது கேட்காது. கூரை பிய்ந்துபோகிற அளவுக்குக் கத்துவார்கள். கடைசியில் திருப்பிக் காட்டினால் பின்பக்கம் ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். எப்படி என்று சொல்ல மாட்டேன். என் குற்றங்களைத்தான் ஒப்புக்கொள்ள வந்தேன், தொழில் ரகசியங்களை அல்ல.

கடையில் முயல்தான் கிடைக்கும். கதை கிடைக்காது. பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு பனிக்காலமும் புகைபோக்கியும் வந்தன. முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளில் அதையே தமிழாக்கிச் சொன்னேன். மே மாதத்து மதுரையில், மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பனிக்கட்டி முயலை எந்த உணர்ச்சியும் இல்லாமல் பார்த்தார்கள். ஒரு பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். சொந்தக் கதை வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மேஜிக்காரர்கள் இதைப் ‘பேட்டர்’ என்போம், கையும் பொருளும் வேலை செய்துகொண்டிருக்க வாய் சொல்லிக்கொண்டு போகிற பேச்சு. கை செய்வதற்கெல்லாம் வாய் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். உறையால் மூட வேண்டுமா, ஏன் மூடுகிறோம் என்று கதையில் இருக்க வேண்டும். நிறம் மாற வேண்டுமா, ஏன் மாறுகிறது என்று இருக்க வேண்டும்.

நிறம் ஏன் மாறும்? இந்தக் கேள்வியை எந்தத் தமிழனிடம் கேட்டாலும் முதலில் வருகிற பதில்தான் எனக்கும் வந்தது.

வெள்ளையம்மாவுக்கு எல்லோரும் கேரட் கொடுக்கிறார்கள். கருப்பாயிக்கு யாரும் கொடுப்பதில்லை. ராத்திரியில் ரோட்டைத் தாண்டினால் லாரிக்காரனுக்கே தெரியாது. (இங்கே ஒரு சிரிப்பு.) கருப்பாயி அழுகிறாள். பியூட்டி பார்லருக்குப் போகிறாள். உறைதான் பியூட்டி பார்லர். நான் பையிலிருந்து ஒரு பவுடர் பஃப் எடுத்து உறைமேல் தேய்ப்பேன். பிள்ளைகள் “தேய், தேய், தேய்!” என்று மூன்று தடவை கத்த வேண்டும். திறந்தால் கருப்பாயி வெள்ளை! அந்தப் பக்கம் திறந்தால் வெள்ளையம்மா கறுப்பு! “அய்யய்யோ, இனிமே யாரு இவளைக் கட்டிக்குவா?” (பெரிய சிரிப்பு.) அப்புறம் அவள் பவுடர் போட, இவள் பவுடர் போட, மாறி மாறிப் போய், பிள்ளைகள் கத்திக் கதறித் திருப்பச் சொன்னதும் திருப்பினால் சிவப்பும் மஞ்சளும். “ஓவராப் பூசுனா இப்படித்தான். ஒருத்திக்கு அலர்ஜி, ஒருத்திக்கு மஞ்சக்காமாலை!” கைதட்டல்.

எழுத்தில் பார்க்கும்போது எனக்கே கூசுகிறது. ஆனால் ஒரு ஐட்டமாக அது கச்சிதமாக ஓடியது. மூடுவதற்குக் காரணம், மாறுவதற்குக் காரணம், பிள்ளைகள் கத்துவதற்கு ஒரு சொல், கடைசியில் ஒரு திருப்பம், எல்லாம் இருந்தன. வேறு ஊர் மேஜிக் நண்பர்கள் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நானும் பெருமையாகக் கொடுத்தேன். எத்தனை ஊர்களில் அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

யாராவது முகம் சுளித்தால் சொல்வதற்கு மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்று, கதை கடைசியில் பவுடரைத்தானே கிண்டல் செய்கிறது, இதில் ஒரு கருத்து இருக்கிறதே. இரண்டு, இது பலகை முயல், மனுஷி அல்ல. மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம். நானே கறுப்பு. என்னைவிடக் கறுப்பாக அந்தக் கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மேடையேறியதும் “லைட்டைப் போடுங்கப்பா, மேஜிக் அங்கிள் எங்க நிக்கிறாருன்னு தெரியலை” என்று என்னையே கேலி செய்துகொண்டுதான் தொடங்குவேன். முதலில் என்னை அறைந்துகொண்டால் அடுத்தவரை அறைய உரிமை கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கு. என் மனைவி ஒரே ஒருமுறை என் நிகழ்ச்சியைப் பார்க்க வந்தாள். வீடு திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து, “ஏங்க, நீங்க கறுப்பா இருக்கிறது என்ன லைசென்ஸா?” என்றாள். ஹெல்மெட் போட்டிருந்ததால் கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

இந்தக் கணக்கை எங்கே கற்றேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சினிமா நகைச்சுவை ஒரு பெரிய பள்ளிக்கூடம். கறுப்பாக இருப்பவரைக் கரண்ட் கட்டோடும் தாரோடும் அடுப்புக்கரியோடும் சேர்த்துச் சொல்லி இரண்டு தலைமுறை சிரித்திருக்கிறது. ஆனால் அதற்கும் முன்னால் எனக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பையனாக இருந்தபோது பேருந்து நிலையத்துப் பக்கம் வித்தை காட்டிய மோடி மஸ்தான். தரையில் ஒரு மண்டை ஓடு, ஒரு கூடை, முளையில் கட்டிய கீரிப்பிள்ளை. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்பார். கடைசிவரை கீரியை அவிழ்க்கவே மாட்டார். நடுவில் ஒரு பையனைப் படுக்கவைத்துத் துணியால் மூடிக் கேள்வி கேட்பார். “ஐயா சட்டைப் பையில என்ன?” “பேனா.” “என்ன கலரு?” “ஊதா.” அப்புறம் தாயத்து விற்பார். பாதியில் நகர்ந்தால் ரத்தம் கக்கிச் சாவாய் என்பார். மூன்று முறை பார்த்தும் நான் பாதியில் நகரவில்லை.

ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கை கட்டினால் கட்டு விழும், வித்தை பலிக்காது என்பது அவர் சட்டம். “ஏ கருவாப் பயலே, கைய எறக்கு! உன்னைத் துணி போட்டு மூட வேண்டியதே இல்லை, ஏற்கெனவே இருட்டாத்தான் இருக்கே” என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கூட்டம் அதுவரை ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியில் ஒன்றாகிவிட்டது. ஒருவனைத் தனியே நிறுத்தினால் மற்றவர்களெல்லாம் சேர்ந்துகொள்வார்கள். வித்தைக்காரர் அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். எனக்கு வலித்ததா என்று கேட்டால், வலித்ததாக நினைவில்லை. அவ்வளவு பேர் நடுவில் என்னைக் கவனித்தாரே என்று பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நம்பித்தான் இத்தனை வருடம் ஓட்டினேன் என்று நினைக்கிறேன். பிள்ளைகளும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று.

2020-ல், எழுபதுகளிலிருந்து விற்றுவந்த ஒரு பிரபலமான முகப்பூச்சு, தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. செய்தியைப் படித்தேன். சோப்பு, க்ரீம் விற்கிற கம்பெனிக்கே தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. ஊரடங்கு தளர்ந்து நிகழ்ச்சிகள் மறுபடி தொடங்கியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் செய்தியையே கதையில் சேர்த்துக்கொண்டேன். “க்ரீம் பேரை மாத்திட்டாங்களாம், கருப்பாயி மட்டும் மாறவே இல்ல!” பெரியவர்கள் ரொம்ப ரசித்தார்கள்.

பெரியவர்கள் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு இது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. நாலு வயதுக் குழந்தைக்கு அழகு, கல்யாணம், பியூட்டி பார்லர் ஒன்றும் புரியாது. ஏழு வயதுக்கு உறையைத் திருப்புகிற திருட்டைப் பிடிப்பதில்தான் குறி. ‘யாரு இவளைக் கட்டிக்குவா’ என்ற வரிக்குச் சிரித்தவர்கள் பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் சமோசாவோடு உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்கள், மாமா அத்தைகள். அவர்கள் சிரித்ததும் முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டு, இதுதான் சிரிக்கிற இடம் போல என்று சேர்ந்து சிரித்தார்கள். பணம் கொடுப்பவர் பின்வரிசைக்காரர். அடுத்த நிகழ்ச்சிக்கு என் எண்ணை வாங்குபவரும் அவர்தான். ‘குழந்தைகளுக்கான மாயாஜாலம்’ என்று பேனர் கட்டிக்கொண்டு, குழந்தைகளின் தலைக்கு மேலே அவர்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முதலில் போனது 2022 டிசம்பரில், புத்தாண்டு விழா. முயல் ஐட்டம் பிரமாதமாகப் போனது. மறுவருடமும் அதே டிசம்பரில் கூப்பிட்டார்கள். செயலாளர் போனிலேயே, “சார், அந்த முயல் ஐட்டத்தை மறந்துடாதீங்க, பசங்க ஒரு வருஷமா அதையே சொல்லிட்டு இருக்காங்க” என்றார். ஒரு மேஜிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு என் கதையை எனக்கே சொன்னார்கள். ‘தேய் தேய்’ என்று ஒருவன் இன்னொருவன் முதுகைத் தேய்த்துக் காட்டினான். அப்போது ஒரு பெண் குழந்தை, ஏதோ நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு, “அங்கிள், கருப்பாயி இன்னும் வரலை. டியூஷன் போயிருக்கா. வந்துடுவா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “கருப்பாயி என் பெட்டிக்குள்ளல்ல இருக்கா?” என்று சிரித்தேன்.

“அய்யோ, அந்தக் கருப்பாயி இல்ல அங்கிள். எங்க கருப்பாயி. பி பிளாக்.”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட எண்ணமே இல்லாத சிரிப்பு. பட்டப்பெயர் அவர்களுக்குப் பழகி, அதன் கூர் மழுங்கி, வெறும் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. ஒரு வருடம். பூங்காவில், லிஃப்டில், பள்ளி வேனில், தினமும்.

நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருந்தது. பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஐட்டத்தை விட்டுவிடலாம். கயிறு ஐட்டம் ஒன்று கூடுதலாகப் பையில் இருந்தது, அதைப் போடலாம். யாராவது கேட்டால் முயல் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். எல்லாம் தோன்றியது. செயலாளர் வந்து, “முயல் உண்டுல்ல சார்?” என்றார். “உண்டு சார்” என்றேன். வாய் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது.

அவள் நிகழ்ச்சி தொடங்கிய பிறகுதான் வந்தாள். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏழு வயது இருக்கும். யாரும் எனக்குச் சுட்டிக்காட்டவில்லை. பிள்ளைகள் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்துகொண்டேன். அவளைப் பார்த்துக்கொண்டேதான் “ஒரு ஊர்ல ரெண்டு முயல் இருந்துச்சாம்” என்று தொடங்கினேன். பெயர் சொல்கிற இடம் வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் கூடம் முழுக்கக் கத்தியது, “கருப்பாயி!” என் இழுப்போடு. அதே மூக்குச் சுளிப்போடு. சின்னச் சின்ன முகங்களில் என் முகம்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு கோழைத்தனமான வழி கண்டுபிடித்தேன். லாரிக்காரனை விட்டேன், கல்யாணத்தை விட்டேன், பவுடர் பஃப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. உறையை மூடினேன், திறந்தேன். முயல்கள் காரணமில்லாமல் நிறம் மாறின. ஐட்டம் நொண்டியடித்தது. ‘திருப்புங்க’ என்ற கூச்சல் எப்படியோ கரை சேர்த்தது. அலர்ஜி, மஞ்சக்காமாலையையும் சொல்லவில்லை. பவுடரே இல்லாத இடத்தில் அதற்கு என்ன பொருள்? சிவப்பையும் மஞ்சளையும் காட்டிவிட்டுக் கும்பிட்டேன்.

எல்லாம் முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். கையில் கேக் தட்டு.

“அங்கிள், பவுடர் போடுறத விட்டுட்டீங்க.”

குனிந்தபடியே, “மறந்துட்டேன்மா” என்றேன்.

“போன தடவை மூணு வாட்டி போட்டீங்க. நாங்க ‘தேய் தேய்’னு கத்துவோம்ல, அது வரவே இல்ல.”

“ஆமாம்மா. மறந்துபோச்சு.”

“அடுத்த தடவை மறக்காதீங்க” என்றாள். பாட்டி தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள். அப்போதுதான் அவள் பெயர் என் காதில் விழுந்தது. அழகான பெயர். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

கதையைவிட என்னை அதிகம் அரிப்பது அந்த ‘மறந்துட்டேன்மா’தான். எனக்கு எதுவும் மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. எதற்காக வந்து கேட்டாள்? அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்ததா? அந்தக் கதையில் கருப்பாயி ஒரு தடவையாவது வெள்ளையாகிற இடம் அது ஒன்றுதானே, அதையும் பறித்துவிட்டேனே என்று கேட்டாளா? இல்லை, ஏழு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பதுபோல் கதையில் ஒரு சொல் மாறினாலும் விடமாட்டேன் என்ற கண்டிப்பு மட்டும்தானா? தெரியவில்லை. எது என்று முடிவு செய்ய நான் யார்?

அதன் பிறகு கொஞ்ச நாள் எதையாவது படித்துச் சமாதானம் தேடினேன். மேஜிக்காரர்கள் தவறு செய்தால் பழைய மேஜிக்காரர்களைப் படிப்பார்கள். ராபர்ட்-ஹூடின் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், 1805-ல் பிறந்தவர், தொழிலால் கடிகாரக்காரர். ஹூடினி தன் பெயரையே இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். பேட்டரின் வலிமைக்கு எல்லோரும் இவரைத்தான் சொல்வார்கள். 1847-ல் தன் மகனை ஒரே ஒரு கோலின்மேல் கிடையாக மிதக்கவிட்டார். அப்போது ஈதர் என்ற மயக்கமருந்து ஊரெங்கும் பேச்சாக இருந்தது. ஈதரை முகர்ந்தால் உடம்பு எடையற்றுப் போகிறது என்று ஒரு கதை கட்டி, அரங்கில் அந்த வாசனையையும் பரவவிட்டார். பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்கிறாரே என்று திட்டிக் கடிதங்கள் வந்தன. மிதப்பதைவிடக் கதையை ஜனங்கள் அதிகமாக நம்பிவிட்டார்கள். இதைப் படித்து ரசித்தேன்.

அடுத்ததை அப்படி ரசிக்க முடியவில்லை. அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஒரு குழந்தைகூடத் தூக்கிவிடும். அடியில் மின்காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்தால் பயில்வானாலும் அசைக்க முடியாது. பாரிஸ் அரங்கில் அது ஒரு வேடிக்கை. 1856-ல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்காக இருந்த மதத்துறவிகளைவிடப் பிரெஞ்சுக்காரர்களின் மந்திரம் பெரியது என்று காட்ட வேண்டும். அதே பெட்டிதான். கதையை மட்டும் மாற்றினார். பெட்டி கனமாகிறது என்று சொல்வதற்குப் பதிலாக, உன் பலத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், நீ ஒரு பெண்ணைவிடப் பலவீனன் என்றார். ஒரு பலசாலி மேடையேறி, ஊரார் முன்னால் முக்கி முனகித் தோற்றான். போதாதென்று கைப்பிடியில் மின்சாரத்தைப் பாய்ச்ச, அலறிக்கொண்டு ஓடினான். இதைத் தன் நினைவுக்குறிப்பில் வெற்றியாகத்தான் எழுதியிருக்கிறார்.

பெட்டியில் ஒரு ஆணிகூட மாறவில்லை. பாரிஸில் சிரிக்கவைத்த அதே பெட்டி அல்ஜியர்ஸில் ஒரு மனிதனின் முதுகெலும்பை முறித்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அலமாரியில் இருந்த என் பலகை முயல்களைப் பார்த்தேன். கறுப்பு முயலின் காதில், நான் விரல் வைத்துப் பிடிக்கிற இடத்தில், சாயம் உரிந்து மரம் தெரிந்தது.

கதையை மாற்றி எழுத உட்கார்ந்தேன். நினைத்ததைவிடப் பாடாக இருந்தது. கறுப்பு வெள்ளை என்று இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே எனக்குப் பழைய கதைதான் ஊறியது. பகலும் இரவும் என்று ஒன்று எழுதினேன், பகல் நல்லது இரவு கெட்டது என்று தானாகவே போய் நின்றது. சதுரங்கம் என்று ஒன்று எழுதினேன், ஐந்து வயதுக்குச் சதுரங்கம் தெரியாது. சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய பஞ்சதந்திர முயலைக் கொண்டுவந்து பார்த்தேன். அந்தக் கதைக்கு ஒரு முயல் போதும், என்னிடம் இரண்டு இருக்கின்றன. மதுரைக்காரன் அல்லவா, சித்திரைத் திருவிழாவில் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்று ஊரே காத்திருக்குமே, பச்சை வந்தால் செழிப்பு, சிவப்பு வந்தால் கவலை என்று பேசுமே, பெட்டியிலிருந்து கைக்கு எந்தப் பட்டு வருகிறதோ அதுதான் என்பார்களே, அதை வைத்து ஒன்று செய்தால் என்ன என்று இரண்டு நாள் மயங்கினேன். உலகத்திலேயே பெரிய நிறம் மாறும் ஐட்டம் அது. ஆனால் சாமியை ஒரு பலகை முயலுக்காகக் கூப்பிடுவது சரியாகப் படவில்லை. விட்டுவிட்டேன்.

முயல்கள் நிறம் மாறுவதாகவே ஏன் வைக்க வேண்டும், இடம் மாறுவதாக வைத்தால் என்ன என்று ஒருநாள் அலுவலகத்துக்குப் பேருந்தில் போகும்போதுதான் தோன்றியது. பக்கத்தில் அண்ணனும் தங்கையும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், கதை கிடைத்துவிட்டது. இரண்டு முயல்கள் ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸில் போகின்றன. ஒன்றுக்கு ஜன்னல் சீட்டு, ஒன்றுக்கு இல்லை. வெயில் என்று திரையைப் போட்டுக்கொள்கின்றன. உறைதான் திரை. நான் கண்டக்டர். தோளில் பை, விரலிடுக்கில் டிக்கெட், வாயில் விசில். நான் டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. பிள்ளைகள் கத்துகிறார்கள், “கண்டக்டர் அங்கிள், மாறிட்டாங்க!” கடைசியில் திருப்பினால் சிவப்பும் மஞ்சளும். டிரைவர் சடன் பிரேக் போட்டதில் ஒருவன்மேல் ரோஸ்மில்க், ஒருவன்மேல் மாம்பழ ஜூஸ்.

அமெரிக்காவில் டேவிட் கே என்று ஒருவர், ‘சில்லி பில்லி’ என்ற பெயரில் குழந்தைகளுக்கு மேஜிக் செய்பவர், இப்படிப்பட்ட விஷயத்தை விளக்கி எழுதியிருக்கிறார். குழந்தைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேஜிக்காரன் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அந்த இடைவெளியில்தான் அவர்களுக்குச் சிரிப்பு என்பார். நான் பழைய கதையிலும் அதைச் செய்திருக்கிறேன், ‘திருப்புங்க’ என்ற இடத்தில். அங்கே முட்டாளாக நின்றவன் நான்தான், பிள்ளைகள் அந்த இடத்தில்தான் உண்மையாகச் சிரித்தார்கள். மீதியெல்லாம் பின்வரிசைக்கு.

புதுக் கதை முதல் தடவை படுத்துவிட்டது. விசில் அடித்ததும் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. நாலாவது தடவை நின்றது. இப்போது நன்றாகவே ஓடுகிறது, ஜமுக்காளத்தில். பின்வரிசை சிரிப்பதில்லை. போன் பார்க்கிறார்கள். மறு நிகழ்ச்சிக்கு எண் கேட்பவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. அதற்கு விசில் காரணமா, விலைவாசி காரணமா, யார் கண்டது?

இத்தோடு முடித்தால் நான் திருந்திவிட்டதாக ஆகிவிடும். அது உண்மை இல்லை. போன வருடம் ஒரு காது குத்து விழாவில், மண்டபத்தில் கூட்டம் சூடே பிடிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மொத்தமே எட்டுப் பேர், மற்றதெல்லாம் பெரியவர்கள். கண்டக்டர் கதை பாதியிலேயே வாடிப்போனது. என் கை தானாகப் பையின் அடிக்குப் போனது. பவுடர் பஃப் அங்கேயே இருந்தது. அதை நான் எறியவே இல்லை. “ஒரு ஊர்ல ரெண்டு முயல்…” என்று மாற்றிப் பிடித்தேன். லாரிக்காரன் வந்தான், கல்யாணம் வந்தது. மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிரிப்பு மேடைக்கு வந்து மோதியபோது உடம்பெல்லாம் ஒரு சுகம். முன்வரிசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மெனக்கெட்டேன்.

மனைவியிடம் அன்றைக்கு நிகழ்ச்சி சுமார் என்றேன்.

இந்த டிசம்பருக்கு அந்தக் குடியிருப்பிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். செயலாளர் மாறிவிட்டார், புதியவருக்கு என் முயலைப் பற்றி எதுவும் தெரியாது. எதை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அவளுக்கு இப்போது ஒன்பது வயது இருக்கும், இந்த ஐட்டத்துக்கெல்லாம் ஜமுக்காளத்தில் உட்காருகிற வயதைத் தாண்டப்போகிறாள். இன்னும் பி பிளாக்கில் இருக்கிறாளா, அந்தப் பெயர் இன்னும் அவளோடு இருக்கிறதா என்று போனில் கேட்க நினைத்து, தேதியையும் நேரத்தையும் மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். முயலைக் கொண்டுபோனால் கதை அடியோடு மாறியிருப்பதை முதலில் கவனிக்கப்போவது அவள்தான். வந்து நின்று, கருப்பாயி எங்கே என்று கேட்பாள். மறந்துட்டேன்மா என்று இன்னொரு தடவை சொல்ல முடியாது. வேறு என்ன சொல்வது என்று, பேட்டர் எழுதுகிற நோட்டில், நாலு நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.